ஜாலி என்ற சொல் வந்த வழி

தீபாவளி கழிந்து நாலாம் நாள். காலை ஒன்பது மணி இருக்கும். என் மைத்துனர் மகள் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவளை ஆனைக்குட்டத்தில் பார்க்க முடியாது. விடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

“என்னம்மா, இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?” என்றேன்.

“ஆபீஸ் லீவு மாமா. இனி ஒரு மாசம் ஜாலிதான்” என்றாள்.

சொன்னவள் சிரிக்கவில்லை. வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது, “தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்கு விடுமுறை, ஊரே ஜாலியாக இருக்கும்” என்று எழுதியிருந்தேன். பலர் படித்துப் பாராட்டினீர்கள். அந்த வரியை இன்று திருத்த வேண்டும். அதற்கு முன் ஜாலி என்ற சொல்லின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை நீளம். ஆனால் பொறுமையாக வந்தால் ஆனைக்குட்டத்தில்தான் முடியும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிறந்தவன். பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு மொழியில். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது நான் கைக்குழந்தை இல்லை, ஆனால் விவரம் தெரியாத வயது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதற்குள் எனக்குப் பிரெஞ்சு இலக்கணம் நன்றாக ஏறிவிட்டது; ஆங்கிலம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு, பழைய பிரெஞ்சுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் படித்து எழுதிக் கொடுப்பதே பாதி வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று மனைவியின் ஊரான ஆனைக்குட்டத்துக்கு வந்து குடியேறியது 2010இல்.

ஆங்கில வகுப்பில் எனக்கு நடந்த முதல் அவமானமே இந்தச் சொல்லால்தான். “என் வீடு” என்று பத்து வரி எழுதச் சொன்னார் வாத்தியார். எங்கள் வீடு அழகான வீடு என்று எழுத நினைத்தேன். பிரெஞ்சில் அழகாக, பார்க்க லட்சணமாக இருப்பதற்கு ‘ஜொலி’ என்பார்கள். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே எழுத்துகளில் ஒரு சொல் அகராதியில் கண்ணில் பட்டது. அர்த்தம் பார்க்கவில்லை. எழுதிவிட்டேன். வாத்தியார் வகுப்புக்கே படித்துக் காட்டி, “ஏண்டா, உங்க வீடு குடிச்சிட்டு ஆடுதா?” என்றார். அன்று முழுக்க எனக்கு அதுதான் பட்டப்பெயர்: ஜாலி வீடு.

ஒரே மாதிரி இருந்தும் இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் ஏன் வேறு? அப்போது கேட்கத் தெரியவில்லை. ஓய்வுக்குப் பின் அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் ‘ஜொலிஃப்’ என்று இருந்தது. 12ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. உற்சாகமான, கொண்டாட்டமான, காதல் துள்ளல் உள்ள, நன்றாக உடுத்திய என்று பல அர்த்தங்கள் அதற்கு. பிறகு கடைசியில் இருந்த ‘ஃப்’ உதிர்ந்தது. கொண்டாட்டம் என்ற அர்த்தமும் மெல்ல உதிர்ந்து, பார்வைக்கு இனியது என்பது மட்டும் பிரெஞ்சில் நின்றது. அழகான பெண், அழகான சட்டை, அழகான வீடு எல்லாம் ஜொலி. இத்தாலிய மொழிக்குப் போன அதன் உறவுக்காரச் சொல்லான ‘ஜூலிவோ’ மட்டும் மகிழ்ச்சி என்ற பழைய பொருளை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்துக்குப் போனபோதும் அந்த ‘ஃப்’ உதிர்ந்தது. பிரெஞ்சில் தாமதமானவனுக்கு ‘தார்திஃப்’ என்று சொல்வோம். அதே சொல் ஆங்கிலத்தில் ‘டார்டி’ ஆகிவிட்டது. அந்த வழியில்தான் ஜொலிஃப் ‘ஜாலி’ ஆயிற்று.

ஜொலிஃப் என்பது எங்கிருந்து வந்தது? அறிஞர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லவில்லை. ஆனால் பலர் ஏற்கிற விளக்கம் சுவையானது. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘யோல்’ என்று ஒரு திருவிழா. நடுக்குளிர் காலத்தில், இரவு மிக நீண்டிருக்கும் நாட்களில், தீ மூட்டி, விருந்து வைத்து, குடித்துக் கொண்டாடுவது. கிறிஸ்தவம் வந்த பிறகு அந்தப் பெயர் கிறிஸ்துமசுக்கு ஆகிவிட்டது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளில் இன்றும் கிறிஸ்துமசுக்கு அந்தப் பெயர்தான், உச்சரிப்பு மட்டும் ‘யூல்’ என்று ஆகியிருக்கிறது. அந்த வடக்கத்திக்காரர்கள் 911இல் பிரான்சின் வடகரையில் குடியமர்ந்தார்கள். அதனால் அந்தப் பகுதிக்கே நார்மண்டி என்று பெயர். அவர்களுடைய வாரிசுகள் 1066இல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். இந்த விளக்கப்படி திருவிழாவின் பெயரிலிருந்து பிறந்த சொல் அவர்களோடு பிரெஞ்சுக்குள் போய், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறியது. முதலில் அது ஒரு காலத்தின் பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

ஆங்கிலத்தில் அது மனிதனின் குணமாக மாறியது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தன் கதைகளில் இளவட்டங்களுக்கு அந்த அடைமொழியைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். காதல், துணிச்சல், தடித்தனம், பகட்டு எல்லாம் அதில் அடங்கும். போகப் போக மற்றதெல்லாம் தேய்ந்து, கலகலப்பான ஆள் என்ற அர்த்தம் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அதற்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ‘மிகவும்’ என்ற பொருளில் வேறு சொற்களுக்கு முன்னால் நிற்கும். வெள்ளைக்காரத் துரைகள் “ஜாலி குட்” என்று சொன்னது அந்த வகை. அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை, “ரொம்ப நல்லது” என்பதில் உள்ள ‘ரொம்ப’தான்.

ஆங்கிலேயர் பிறந்த நாளிலும் பிரிவு உபசாரத்திலும் ஒரு பாட்டுப் பாடுவார்கள், இவர் ரொம்ப ஜாலியான நல்ல மனிதர் என்று. நம் ஊர் அலுவலகங்களிலும் பாடக் கேட்டிருப்பீர்கள். என் பிரிவு உபசார விழாவிலும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, கேக் வெட்டும்போது இளம் ஊழியர் ஒருவர் கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் வேறு. அந்த மெட்டு ஆங்கிலேயருடையது அல்ல. சின்ன வகுப்பில் நாங்கள் வரிசையாக நின்று பாடிய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு அது. ‘மால்ப்ரூ’ பாட்டு என்போம். மால்ப்ரூ என்பவர் ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ. 1709 செப்டம்பர் 11 அன்று மால்ப்ளாகே என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரருடன் பெரும் போர். வென்றது அவர் பக்கம்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மார்ல்பரோவும் இறந்துவிட்டார் என்று பிரெஞ்சுப் படையில் ஒரு வதந்தி. அதிலிருந்து பிறந்த பாட்டு என்று சொல்வார்கள். உண்மையில் அவர் 1722 வரை உயிரோடிருந்தார்.

பாட்டின் கதை இதுதான். கணவன் போருக்குப் போகிறான். பண்டிகைக்கு வந்துவிடுவான் என்று மனைவி காத்திருக்கிறாள். ஒரு பண்டிகை போகிறது, அடுத்த பண்டிகையும் போகிறது, ஆள் வரவில்லை. கோபுரத்தின் உச்சியில் ஏறி வழி பார்க்கிறாள். தூரத்தில் ஒருவன் கறுப்பு உடுத்தி வருகிறான். என்ன செய்தி என்று கேட்கிறாள். அவ்வளவையும் துள்ளல் மெட்டில், குழந்தைகள் குதித்துக் குதித்துப் பாடுவார்கள். நானும் குதித்திருக்கிறேன்.

அந்த மெட்டைத்தான் ஆங்கிலேயர் எடுத்து, ஜாலியான மனிதரைப் பாராட்டும் பாட்டாக மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, எனக்குக் கோபுரத்தில் நின்று வழி பார்க்கும் அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.

சரி, தமிழுக்கு வருவோம். மகிழ்ச்சியைச் சொல்ல நம்மிடம் சொல் பஞ்சம் கிடையாது. உவகை, களிப்பு, மகிழ்ச்சி, குதூகலம், கும்மாளம், கொண்டாட்டம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக உவகையைச் சொல்லி, அது செல்வம், அறிவு, கூடல், விளையாட்டு என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் வெளியிலிருந்து வந்தவற்றை நாம் விட்டுவைக்கவில்லை. குஷியும் மஜாவும் பாரசீகத்திலிருந்து வந்தவை. மஜா என்றால் முதலில் ருசி. ஜல்சாவும் தமாஷும் அரபு வழியாக வந்தவை. ஜல்சா என்றால் அமர்வு, கூட்டம். மஜ்லிஸ் என்ற சொல்லும் அதே வேர். ஒழுங்காக உட்கார்ந்து நடத்தும் கூட்டம் நம் ஊருக்கு வந்ததும் என்ன அர்த்தம் பெற்றது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வரிசையில் கடைசியாக ஆங்கிலத்திலிருந்து வந்து உட்கார்ந்தது ஜாலி.

தமிழில் நாம் இதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கவனியுங்கள். “பரீட்சை முடிஞ்சுது, இனி ஜாலி.” “அப்பா ஊருக்குப் போயிட்டார், நாலு நாள் ஜாலி.” “வேலை வெட்டி இல்லாம ஜாலியாத் திரியிறான்.” “ஜாலிக்காகச் செஞ்சேன், தப்பா எடுத்துக்காதீங்க.” ஜாலியான மனுஷர் என்று ஆளைச் சொல்வதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் நாம் சொல்வது ஒரு நேரத்தை. வேலை இல்லாத நேரம், கேட்பார் இல்லாத நேரம், பொறுப்பு தோளிலிருந்து இறங்கிய நேரம். பிரெஞ்சுக்காரனுக்கு அது கண்ணில் இருக்கிறது. ஆங்கிலேயனுக்கு ஆளிடம் இருக்கிறது. தமிழனுக்கு நாள்காட்டியில் இருக்கிறது.

வடக்கே திருவிழா நாட்களின் பெயராகத் தொடங்கிய சொல், ஆயிரம் வருடம் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வந்து மறுபடியும் நாட்களைக் குறிக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மைத்துனர் மகளிடம்கூடச் சொன்னேன். “அப்படியா மாமா” என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, “திருவிழா யாருக்கு?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு இந்த ஊர்க் கதை தெரிய வேண்டும்.

நான் இங்கே வந்த புதிதில், காலையில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “ஆபீசுக்கு” என்றார்கள். நாற்பது வருடம் ஆபீசில் உட்கார்ந்து எழுந்தவன் நான். இத்தனை பெண்களுக்கும் அரசு வேலையா என்று வியந்துவிட்டேன். தீப்பெட்டி ஆலை தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை ஃபயர் ஆபீஸ் என்பது பிறகுதான் புரிந்தது.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த, வெயில் காயும் கரிசல் பூமி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீப்பெட்டிக்கு வரமாயிற்று. தீப்பெட்டிக்குப் பின் வண்ண மத்தாப்பு, பிறகு பட்டாசு. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தும் நின்றது. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் செய்ததுதான்.

என் மைத்துனர் மகள் பேன்சி ரகம் செய்யும் ஆபீசில் இருக்கிறாள். மாலையில் வரும்போது அவள் கையெல்லாம் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி மாதிரி மின்னும். முதல் முறை பார்த்தபோது, என் பிரெஞ்சு மூளை சட்டென்று ‘ஜொலி’ என்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் கையால் சாப்பிட முடியாது, சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது என்பது பிறகு தெரிந்தது.

பட்டாசுச் சத்தம் புதுச்சேரியில் எனக்குச் சந்தோஷம். ஜூலை 14 அன்று கடற்கரையில் வாணவேடிக்கை பார்க்க அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு போவார். ஆனைக்குட்டத்தில் பகல் பதினொரு மணிக்குத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், வீட்டில் இருக்கிற பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வருவார்கள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் கைபேசியில் அழைப்பார்கள். எடுத்துப் பேசினால்தான் உட்காருவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று எங்கள் தெருப் பெண்கள் மொட்டை மாடியில் ஏறிப் புகையைப் பார்த்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றும் எனக்கு அந்த மால்ப்ரூ பாட்டின் கோபுரம்தான் நினைவுக்கு வந்தது.

அப்படி வருடம் முழுக்கச் செய்த சரக்கை நாடு ஒரே நாளில் வெடித்து முடிக்கிறது. அதற்கு மறுநாளிலிருந்து ஆபீஸ் மூடல். ஆர்டர் இல்லை, மழைக்காலம், மருந்தும் காயாது. வேலைக்குத் தகுந்த கூலி வாங்குகிறவளுக்கு மூடிய நாள் என்றால் கூலி இல்லாத நாள். தீபாவளி போனஸ் பணத்தில் பழைய கடனை அடைத்து, பிள்ளைகளுக்குத் துணி எடுத்து, மிச்சத்தில் அந்த மாதத்தை ஓட்ட வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை சொல்லி, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் என்று அளவும் வைத்தது. காற்று கெடுகிறது, குழந்தைகள் மூச்சுத் திணறுகிறார்கள் என்ற வாதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் மூடிய ஆலைகள் பல மாதம் திறக்கவில்லை. ஒரு மாத ‘ஜாலி’ நாலு மாதமானது. பல வீடுகளில் நகை அடகுக்குப் போனது.

இப்போது அவள் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். “இனி ஒரு மாசம் ஜாலிதான்.” சொல் அதேதான், வேலை இல்லாத நாட்கள் என்ற அர்த்தமும் அதேதான். எனக்கு வேலை இல்லாத நாளிலும் முதல் தேதி ஓய்வூதியம் வந்துவிடுகிறது. அவளுக்கு வருவதில்லை. அகராதியில் இந்த வித்தியாசம் இருக்காது. அந்த ‘தான்’ என்ற ஓர் அசையில் அவள் அதை வைத்திருந்தாள். நான் பழைய கட்டுரையில் “ஊரே ஜாலியாக இருக்கும்” என்று எழுதியபோது அந்த அசை என் காதில் விழவில்லை.

பதிவேட்டு வேலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பதிவானதை அடிக்கக் கூடாது, சுரண்டி அழிக்கக் கூடாது. தவறு தெரிந்தால் பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுத வேண்டும். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் அந்த ஓரக் குறிப்புகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். அதனால் பழைய கட்டுரையை நான் நீக்கப் போவதில்லை. அதன் ஓரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஊரே ஜாலியாக இருக்கும் என்பது தவறு. அந்த மாதம் ஊரில் ஆபீஸ் கிடையாது, கூலியும் கிடையாது.”

இதை எழுதி முடித்து மைத்துனர் மகளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். “எல்லாம் சரிதான் மாமா. ஆனா பிள்ளைகளோட ஒரு மாசம் வீட்டுல இருக்கிறது ஜாலிதானே, அதையும் எழுதுங்க” என்றாள்.

இந்தத் தடவை சிரித்தாள். எழுதிவிட்டேன்.